தலைவருக்கும் தகுதிச் சான்று வேண்டும்

(ஒரகடம் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தேர்தல் பேச்சு எடுத்தாலே நம் கேன்டீனில் ஒரு சண்டை கிளம்புகிறது. "எண்பது தாண்டியவருக்கு எதற்கு சீட்டு? வீட்டில் ஓய்வெடுக்கட்டும்" என்கிறார் ஒருவர். "எங்கள் தலைவருக்கு வயதே கிடையாது" என்கிறார் இன்னொருவர். இரண்டு பேரும் சொல்வது தவறு என்று சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

முதல் ஆளுக்கு முதலில் பதில் சொல்கிறேன். பிறந்த தேதியைப் பார்த்து ஆளைக் கழிப்பது யாருடைய வழக்கம்? முதலாளிகளின் வழக்கம்! இளரத்தமா, டிரெய்னியாக வா. முப்பதைத் தாண்டி முதுகு வலிக்கிறதா, காண்ட்ராக்ட் முடிந்தது, போ. இந்தக் கணக்கை எதிர்த்துத்தானே நாம் சங்கம் வைத்தோம்? அதே கணக்கை நாமே கையில் எடுக்கலாமா?

தந்தை பெரியார் 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் பேசினார். வயது 94. உடல் உபாதையோடு வந்து கர்ஜித்தார். ஐந்தாம் நாள் மறைந்தார். ராஜாஜி சுதந்திராக் கட்சியைத் தொடங்கியது 80 வயதில், 1959-ல். அதற்கு எட்டு ஆண்டு கழித்து, அண்ணாவோடு கூட்டணி சேர்ந்து காங்கிரஸ் ஆட்சியை இறக்குவதில் பங்கெடுத்தார். இவர்களிடம் போய், "ஐயா, வயதாகிவிட்டது, உட்காருங்கள்" என்று சொல்லியிருப்போமா?

இப்போது இரண்டாவது ஆளிடம் வருகிறேன். தலைவருக்கு வயதே இல்லை என்று சொல்லிச் சொல்லி இந்த நாடு என்ன பாடுபட்டது?

1984 அக்டோபரில் எம்.ஜி.ஆர். மருத்துவமனையில் சேர்ந்தார். அங்கிருந்து அமெரிக்காவில் புரூக்ளினுக்குக் கொண்டு போனார்கள். டிசம்பரில் தேர்தல். ஆஸ்பத்திரியில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். மக்கள் அன்பை நான் குறை சொல்லவில்லை. அவர் எப்படி இருக்கிறார், எவ்வளவு வேலை செய்ய முடியும் என்று அந்த மக்களுக்கு யார் முழுசாகச் சொன்னார்கள்? 2016 செப்டம்பர் 22-ல் ஜெயலலிதா மருத்துவமனைக்குப் போனார். 75 நாள்! ஒரு மாநிலமே வாசலில் காத்துக் கிடந்தது. இடைத்தேர்தல் படிவத்தில் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை வந்தது. என்ன நடந்தது என்று விசாரிக்க ஆணையம் போட்டு, அதன் அறிக்கை 2022-ல் வந்தது.

அப்போது எம்.ஜி.ஆருக்கு 67. ஜெயலலிதாவுக்கு 68. ஊன்றிக் கேளுங்கள் தோழர்களே! 75 என்று ஒரு கோடு கிழித்திருந்தால் அது பெரியாரை மேடையிலிருந்து இறக்கியிருக்கும். இந்த இரண்டு பேரையும் தொட்டிருக்காது. பா.ஜ.க.வில் 2014-ல் அத்வானியையும் முரளி மனோகர் ஜோஷியையும் வழிகாட்டும் குழு என்று ஓரமாக உட்கார வைத்தார்கள். 75 வயது வரம்பு என்று ஊரெல்லாம் பேச்சு. 2025 செப்டம்பரில் பிரதமர் மோடிக்கு 75 முடிந்தது. கட்சி விதியில் அப்படி எதுவுமே இல்லை என்று அதற்கு முன்பே சொல்லிவிட்டார்கள்! வேண்டாதவருக்கு நீட்டுவதும் வேண்டியவருக்குச் சுருட்டுவதுமாக ஒரு கோடு இருந்தால் அதற்குப் பெயர் விதியா?

அப்படியானால் வயது ஒரு பொருட்டே இல்லையா? பொருட்டுதான். கலைஞர் 2016-ல் 92-ஐ நெருங்கும் வயதில் திருவாரூரில் நின்றார். 68,366 வாக்கு வித்தியாசம். அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டிலேயே அதிகம். அந்த ஆண்டு முடிவதற்குள் உடல் தளர்ந்தது. 2017 ஜனவரியில் கட்சி ஒரு செயல் தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கொண்டது. திருவாரூர் தொகுதிக்கு யார் செயல் உறுப்பினர்? 2018 ஆகஸ்டில் கலைஞர் மறைந்தார். 2019-ல்தான் இடைத்தேர்தல் வந்தது. கட்சிக்கு ஏற்பாடு இருந்தது, ஓட்டுப் போட்டவனுக்கு இல்லை. வயது ஏற ஏற இந்த ஆபத்து ஏறும். ஆகவே வயது கூடியவரிடம் கூடுதலாகக் கேட்க வேண்டும்.

நம் ஸ்ரீபெரும்புதூரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024-ல் டி.ஆர்.பாலு அவர்களுக்கு வயது 82. நான்கு லட்சத்து எண்பதாயிரம் வாக்குகளுக்கு மேல் வித்தியாசத்தில் அனுப்பி வைத்தோம். அது தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓட்டுக் கேட்டு வந்த எந்த வேட்பாளரிடமாவது, இளையவரோ மூத்தவரோ, "ஐந்து வருஷம் ஓடியாட உடம்பு தாங்குமா?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

மக்களவைக்கு நிற்க 25 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது சட்டம். மேல் வரம்பு கிடையாது, வேண்டவும் வேண்டாம். வேட்பாளர் சொத்துக் கணக்கு தருகிறார், வழக்குக் கணக்கு தருகிறார், படிப்பைச் சொல்கிறார். உடல்நிலை பற்றி ஒரு வரி உண்டா? இங்கே கிரேன் ஓட்டுகிறவருக்குக் கண் பரிசோதனை கட்டாயம். கண் சரியாக இருந்தால் ஐம்பத்தேழு வயதிலும் ஏறலாம். கெட்டால் இருபத்தேழிலும் இறங்க வேண்டும். ஏன்? கீழே ஆள் நிற்கிறான்! ஆட்சிக்குக் கீழே எட்டுக் கோடி ஆள் நிற்கிறோம்.

"பெரியவரிடம் நோயைக் கேட்பது மரியாதையா?" என்பார்கள். அவருடைய சர்க்கரை அளவு நமக்கு வேண்டாம். வேலை செய்ய முடியுமா, முடியாதா என்று ஒரு மருத்துவர் குழு சொல்லட்டும். அமெரிக்காவில் 81 வயது பைடனுக்கு ஒன்றுமில்லை என்றே அவருடைய ஆட்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2024 ஜூனில் ஒரே ஒரு தொலைக்காட்சி விவாதம். அடுத்த மாதமே போட்டியிலிருந்து விலகினார். மறைத்தது அவர் மரியாதையைக் காப்பாற்றியதா?

ஆகவே, நாளை எந்தக் கட்சி வேன் வல்லத்துக்கோ படப்பைக்கோ வந்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். போன தடவை அவையில் எத்தனை நாள் உட்கார்ந்தீர்கள்? உடல்நிலை பற்றிச் சான்று தருவீர்களா? உங்களால் முடியாமல் போனால், அதை எங்களிடம் யார், எப்போது சொல்வார்கள்?

சங்கத்தைப் பதிவு செய்யச் சொல்லி சுங்குவார்சத்திரத்தில் ஓர் உலகக் கம்பெனியின் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த மண் இது. உலகக் கம்பெனியிடம் கேள்வி கேட்ட நாம், நம் ஓட்டை வாங்க வருகிறவரிடம் கேட்கத் தயங்க வேண்டியதில்லை. முப்பது வயதுக்காரர் பதில் சொல்ல மறுத்தால் அவரை விடுங்கள். தொண்ணூறு வயதுக்காரர் நேருக்கு நேர் நின்று பதில் சொன்னால் அவருக்கே போடுங்கள்!