ஆலையின் ஓசையும் அடுப்பின் வெம்மையும்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருஞ்சாலையில் அமைந்த ஊர் புதுக்குடியிருப்பு. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் இறுதிக் காலம் இவ்வூரையும் சுற்றுப்புறக் கிராமங்களையும் நிலைகுலையச் செய்தது. மக்கள் திரும்பி வந்து வீடு கட்டவும் வயல் உழவும் வேண்டுமாயின், மண்ணுள் மறைந்து கிடந்த மிதிவெடிகளை முதலில் அகற்றியாக வேண்டும். அப்பணியில் வன்னிப் பெண்கள் பலரும் ஈடுபட்டனர்.

நேயர்களே, அந்த வேலைத்தலத்தின் ஒழுங்கு நாம் கருத்தூன்றி நோக்கத்தக்கது. காலையில் பணி தொடங்குமுன் உலோகங் காட்டும் கருவி சோதிக்கப்படும். சோதனைக்கென வைக்கப்பட்ட மாதிரித் துண்டை அது தவறாது காட்டுதல் வேண்டும். காட்டாத கருவியோடு எவரும் களத்தில் இறங்குதல் ஆகாது. துப்புரவு செய்யும் பாதைக்கு அளவுண்டு. ஒருவருக்கும் மற்றவருக்கும் இடையிலான தூரத்துக்கு அளவுண்டு. ஓய்வு நேரத்துக்கும் அளவுண்டு. முகத்துக்கும் மார்புக்கும் கவசம் உண்டு. "எனக்குப் பழக்கமான நிலந்தானே" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

இனி, இத்தகைய ஊர்களிலுள்ள அரிசி ஆலையையும் மரம் அரியும் பட்டறையையும் எண்ணிப் பார்ப்போம். அங்கே வட்டவாள் அலறுகின்றது. உமி நீக்கும் இயந்திரம் அதிர்கின்றது. நெல் அவிக்கும் அடுப்பு அனல் கக்குகின்றது. ஆயினும் ஓசை எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று அளந்து பார்க்கும் வழக்கம் சிறு ஆலைகளில் பெரும்பாலும் இல்லை. காரணம் யாது? மிதிவெடி ஒரு கணத்தில் காலைப் பறித்துவிடும். ஓசையோ ஆண்டுக்கணக்காகக் காத்திருந்து செவியைப் பறிக்கும். விரைந்து வரும் கேட்டுக்கு அஞ்சும் மனிதன், மெல்ல வரும் கேட்டுக்குப் பழகிப் போகின்றான்.

இது புதிதாகக் கண்ட உண்மையன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமஸ்ஸினி, தொழிலாளரின் நோய்களைப் பற்றி எழுதிய நூலில், ஓயாது செம்பு தட்டும் கன்னார் செவிடாவதைக் குறித்துள்ளார். உட்செவியில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர் உயிரணுக்கள் உள்ளன. பேரோசை அவற்றைச் சிதைக்கின்றது. சிதைந்தவை மனிதரிடத்து மீண்டும் முளைப்பதில்லை. முதலிற் கேளாமற் போவது உயர்ந்த சுருதியிலுள்ள ஒலிகளே. ஆதலால் ஆலைத் தொழிலாளி தன் முதலாளியின் அதட்டலைக் கேட்பான். பேரக் குழந்தையின் மெல்லிய குரலைக் கேட்கமாட்டான். வீட்டார் "அப்புவுக்குக் காது மந்தம்" என்று சொல்லி, அதனை முதுமையின்மேற் சுமத்திவிடுவர்.

ஓசையை அளக்கும் அலகு டெசிபெல். இவ்வலகின் கணக்கு சற்று வேறுபட்டது. பத்து டெசிபெல் ஏறினால் ஒலியின் செறிவு பத்து மடங்காகின்றது. மூன்று ஏறினாலே ஏறத்தாழ இரு மடங்காகின்றது. நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை செய்பவருக்கு 85 டெசிபெல் என்பது பல நாடுகளில் கொள்ளப்படும் வரம்பு. அதற்குமேல் மூன்று கூடுந்தோறும் நேரத்தைப் பாதியாக்குதல் வேண்டும் என்பர் வல்லுநர். 88 ஆயின் நான்கு மணி; 91 ஆயின் இரண்டு மணி; 100 ஆயின் கால் மணி நேரமே. வட்டவாள் எழுப்பும் ஓசை நூறை எளிதில் எட்டும். கருவி கையில் இல்லாதவர்க்கும் ஒரு வழி உண்டு: கை நீட்டும் தூரத்தில் நிற்பவரோடு உரத்துக் கத்தியே பேச வேண்டியிருந்தால், அங்கே ஓசை வரம்பை எட்டிவிட்டது எனக் கொள்ளலாம்.

வெப்பத்துக்கும் இவ்வாறே கணக்குண்டு. வெறும் வெப்பமானி பாதி உண்மையையே சொல்லும். காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது. எனவே, 1950களில் அமெரிக்கப் படைப் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர் வீழ்ந்தபோது, மூன்று அளவுகளைச் சேர்த்துக் கணிக்கும் முறை வகுக்கப்பட்டது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் பத்தில் ஏழு பங்கு, வெயிலையும் அனலையும் ஏற்கும் கருங்கோளத்தின் அளவில் இரு பங்கு, சாதாரண வெப்பமானியின் அளவில் ஒரு பங்கு. அவை முறையே 27, 45, 34 பாகை செல்சியஸ் எனக் கொள்வோம். கூட்டினால் 31.3 ஆகும். வெப்பத்துக்குப் பழகியவர் நடுத்தர உழைப்பை இடைவிடாது செய்வதற்குரிய வரம்போ ஏறத்தாழ 28. இனி ஓய்வும் நிழலும் நீரும் இன்றி அங்கே வேலை வாங்குவது, உயிரைப் பணயம் வைப்பதாகும். புதிதாக வந்தவரை முதல் நாளிலேயே முழு வேலையில் இறக்குவது அதனினும் கொடிது; உடல் பழக ஒன்று, இரண்டு வாரங்கள் வேண்டும்.

அளந்தபின் அடக்குதல் எவ்வாறு? காதடைப்பான் வாங்கிக் கொடுத்தால் கடமை முடிந்தது எனப் பலர் கருதுவர். அது கடைசிப் படி. கேட்டினை அது பிறக்குமிடத்திலேயே தடுப்பதுதான் முதற்படி. தளர்ந்த ஆணிகளை முறுக்குக. மழுங்கிய வாளைத் தீட்டுக. இயந்திரத்தின் அடியில் இறப்பர் இடுக. எஞ்சினைத் தனியறையில் அமைத்து அதன் புகைக்குழாயை வெளியே திருப்புக. நெல் அவிக்கும் அடுப்புக்கும் ஆளுக்கும் இடையே தகடு ஒன்றை நிறுத்துக. கூரையில் அனல் வெளியேற வழி செய்க. அவிக்கும் வேலையை விடியற்காலைக்கு மாற்றுக. அடுத்தபடி, ஒருவரே நாள் முழுதும் வாளருகில் நில்லாதபடி முறை வைத்து ஆளை மாற்றுக. இவற்றுக்குப் பின்னரே செவிக்குக் கவசம். இவற்றுட் பல பெருஞ்செலவு வேண்டாதவை.

சட்டமும் இதனை மறக்கவில்லை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் வேலைத்தலத்தின் வெப்பநிலை, காற்றோட்டம், வெளிச்சம் ஆகியவற்றைப் பற்றி விதித்துள்ளது. தொழில்சார் பாதுகாப்புக்கும் சுகாதாரத்துக்குமென ஒரு தேசிய நிறுவகம் 2009ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் அமைந்தது. எனினும் சட்டப் புத்தகம் தானாக எழுந்து வந்து ஆலையின் கதவைத் தட்டாது. முதலாளி அளக்க முன்வர வேண்டும். தொழிலாளி அளவு யாதெனக் கேட்க வேண்டும்.

மிதிவெடிக் களத்தில் ஒரு பெண்ணின் காலுக்குக் கொடுத்த மதிப்பை, அரிசி ஆலையில் அவள் தமையனின் செவிக்கும் கொடுத்தல் அன்றோ நீதி? காலை இழந்தவரை ஊர் காணும். செவியை இழந்தவரோ சந்தையிலும் கோயில் வீதியிலும் சிரித்தபடி தலையசைத்து நிற்பார். அவர் ஒன்றும் கேளாமலே நிற்கின்றார் என்பதை எவரும் அறியார்.