ஒரே பெயர், பல முகவரி

உக்குவளைப் பக்கத்துத் தோட்டங்களில் ராமாயி என்ற பெயருக்குப் பஞ்சமில்லை. லயத்து வீட்டுக்குத் தனி முகவரி இல்லாத இடத்தில் தபால் தோட்டக் கந்தோருக்கே போகும். எந்த ராமாயிக்கு என்பது அங்கேதான் தீர்மானமாகும். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு நாள் கடந்து கைக்கு வந்தால் யாருக்கு என்ன பயன்?

மின்னஞ்சலிலும் இச்சிக்கல் உண்டு. ஒரே கணினி பல சங்கங்களின் ஆள்களப் பெயர்களுக்குத் தபாற்கந்தோராக இருக்கலாம். ஒவ்வொரு சங்கத்திலும் ஒரு செயலாளர் இருப்பாரல்லவா? ஆகவே போஸ்ட்பிக்ஸ் என்னும் மென்பொருளில், பெயரை மாத்திரமன்றி முழு முகவரியையும் பார்த்துப் பெட்டியைத் தெரியுமாறு அட்டவணை எழுதுகிறார்கள். அவ்வாறு குடியேற்றிய மெய்நிகர் ஆள்களத்தைக் கணினியின் சொந்த ஆள்களப் பட்டியலிலும் சேர்த்துவிடலாகாது. சேர்த்தால் வழி குழம்பும்.

இல்லாத பெயருக்கு வருவதையும் ஒரு பொதுப் பெட்டியில் ஏற்பவர் உளர். தாராளமாகத் தோன்றும் இவ்வழக்கம் எனக்கு உடன்பாடன்று. அனுப்பியவர் கடிதம் சேர்ந்ததென்றே நம்பியிருப்பார். அதுவோ பார்ப்பாரற்றுக் கிடக்கும். வாசலிலேயே மறுத்தால் 550 என்ற எண்ணுடன் மறுமொழி போகும். அவரும் முகவரியைத் திருத்தி அன்றைக்கே மீண்டும் அனுப்பலாம்.