மானம் யாருக்குப் போயிற்று?

(பெரம்பலூர்ப் பிரசாரக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



சென்ற வாரம் அரியலூர்க் கூட்டத்தில் கேள்விச் சீட்டுகள் பல வந்தன. பெரும்பாலும் வழக்கமான கேள்விகள்தான். சாமி இல்லையென்றால் மழை எப்படிப் பெய்கிறது, பேய் பிடித்தவளுக்கு என்ன வைத்தியம் என்கிற மாதிரி. ஒரு சீட்டில் மாத்திரம் கையெழுத்து நடுங்கியிருந்தது, பெயர் போடவில்லை. அதில் கண்டிருந்தது இதுதான்: "என் மகள் செல்போனில் தையல் சொல்லிக் கொடுத்து மாதச் சந்தா வாங்குகிறாள். சந்தா கட்டிய ஒருவன் அவள் முகத்தை எடுத்து வேறு உடம்பில் ஒட்டிப் படம் செய்து பணம் கேட்கிறான். போலீசுக்குப் போனால் மானம் போய்விடும். என்ன செய்வது ஐயா?"

அன்று நேரமாகிவிட்டபடியால் நாம் இரண்டு வார்த்தை சொல்லி நிறுத்திவிட்டோம். அது போதாது என்று பஸ்ஸில் திரும்பும்போதே தோன்றிற்று. ஆகவே இன்றைக்கு நோட்டீசில் போட்டிருந்த ஜோசியப் புரட்டை மற்றொரு நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு இதையே பேசப்போகிறோம். ஜோசியன் எங்கும் ஓடிப்போகமாட்டான்.

இந்தச் சந்தா வியாபாரம் இன்னதென்று அறியாத பெரியவர்களுக்காக ஒரு வார்த்தை. பத்திரிகைக்குச் சந்தா கட்டுவதுபோல் ஒரு ஆளுக்குச் சந்தா கட்டுவது, அவ்வளவுதான். யூடியூபில் மெம்பர் ஆவது என்கிறார்கள். பேட்ரியான், ஒன்லிஃபேன்ஸ் என்று அன்னிய நாட்டுக் கம்பெனிகளும் உண்டு. சமையல், கோலம், பாட்டு, கணக்குப் பாடம் எல்லாம் விற்பனையாகிறது. சிலர் தங்கள் உடம்பின் படங்களையும் விற்கிறார்கள்; அதை மூடி மறைத்துப் பேச நாம் வரவில்லை. வந்த மெம்பர் பணத்தில் யூடியூப் 100க்கு 30ம், ஒன்லிஃபேன்ஸ் சந்தாவில் 100க்கு 20ம் எடுத்துக்கொள்ளுகிறது. சிமெண்டு லாரி ஓடுகிற ரோட்டைத் தாண்டி வேலைக்கு அனுப்ப மறுக்கிற வீட்டிலும், உள்ளே உட்கார்ந்தபடியே ஒரு பெண் சம்பாதிக்க இது ஒரு வழி. 1929ல் செங்கல்பட்டு மாநாட்டில் பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்த இயக்கத்தார், பெண் கையில் காசு வருவதைக் கண்டு முகம் சுளிக்க முடியுமா?

ஆனால் கம்பெனிக்காரன், "சந்தாக்காரர் மட்டுமே பார்க்க முடியும், கதவு பூட்டியிருக்கிறது" என்று சொல்லுகிறானே, அந்தப் பூட்டை நம்பாதீர்கள். பூட்டின் யோக்கியதை நம் அரியலூர் ஜில்லாவுக்குத் தெரியாததல்ல. ஸ்ரீபுரந்தான் கோயிலிலும் பூட்டு இருந்தது. உள்ளே இருந்த நடராசர் எங்கே போனார்? திருடர் கைமாறி 2008ல் ஆஸ்திரேலியா தேசத்து மியூசியத்துக்கு 50 லட்சம் டாலருக்கு மேலான விலைக்குப் போனார். தம்மையே காப்பாற்றிக்கொள்ள முடியாதவரிடம் நம் பெண்டுகள் தாலியைக் காப்பாற்றச் சொல்லி வேண்டிக்கொண்டிருந்தார்கள்! 2014ல் அவர் திரும்பி வந்தார். யாகம் செய்தா வந்தார்? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னாலேயே எடுத்துவைத்திருந்த போட்டோ சாட்சி சொல்லித்தான் வந்தார். இந்தச் சங்கதியை நினைவில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கிறது.

பூட்டிய அறையில் காட்டுகிற படத்தைச் சந்தா கட்டியவன் தன் போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம். இன்னொரு போனை எதிரே பிடித்தும் எடுக்கலாம். எடுத்ததை டெலிகிராம் கூட்டங்களில் எறியலாம். 2020 பிப்ரவரியில் ஒன்லிஃபேன்ஸ்காரர்கள் பலருடைய படங்கள் மூட்டை மூட்டையாக வெளியே கொட்டப்பட்டன. அங்கே கம்பெனி, எங்கள் பூட்டு உடையவில்லை என்றது. உடையவில்லைதான், பணம் கொடுத்து உள்ளே போனவர்கள் வாரிக்கொண்டு வந்தால் பூட்டு என்ன செய்யும்? பேட்ரியான் கம்பெனியின் கணக்குப் புத்தகமே 2015ல் களவு போயிற்று. ட்விட்ச் என்ற கம்பெனியில் 2021 அக்டோபரில் இன்னார் இவ்வளவு சம்பாதித்தார் என்கிற ஜாபிதாவே ஊருக்குத் தெரிந்துபோயிற்று. காசு இருக்கிறதென்று தெரிந்த வீட்டுக் கதவைத்தானே திருடன் தட்டுவான்!

இதெல்லாம் பெரிய ஊர்க் கதை. நம் ஊர்க் கதை இன்னும் சுலபம். புனைபெயரில் வீடியோ போடுகிற பெண், சந்தா வாங்கத் தன் யூபிஐ எண்ணைக் கொடுக்கிறாள். அதிலேயே செல்போன் நம்பர் இருக்கும். ஒருவன் ஒரு ரூபாய் அனுப்பப் போனால் போதும், பாங்கிக் கணக்கில் உள்ள முழுப்பெயர் அவன் கண்ணெதிரே வந்து நிற்கும். ஒரு ரூபாய்க்குப் பெயர் விலைபோயிற்று! வீடியோவில் ஜன்னலுக்கு வெளியே சிமெண்டு ஆலைப் புகைபோக்கி தெரியும். சுவரில் கரண்டு மீட்டர் நம்பர் தெரியும். கொடியில் தங்கையின் பள்ளிக்கூடச் சட்டை காயும். கூரியரில் ஒரு பரிசு அனுப்பட்டுமா என்று எவனாவது பல்லிளித்துக் கேட்டால் விலாசத்தை எழுதிக்கொடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே தொழிலுக்கென்று தனி நம்பர், தனி ஈமெயில் வையுங்கள். நம்பர் இல்லாத யூபிஐ விலாசம் வையுங்கள். பெயர் அப்போதும் தெரியும் என்பதால், கூடியமட்டும் கம்பெனி வழியாகவே சந்தா வாங்குங்கள். போன் கேமராவில் இடத்தைக் குறிக்கிற வசதியை நிறுத்துங்கள். வெற்றுச் சுவருக்கு முன் உட்காருங்கள். ஆயுத பூசையன்று செல்போனுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். வருஷம் முழுவதும் அதற்கு ஒரு நல்ல பூட்டு வைப்பதில்லை.

நிற்க. இவ்வளவையும் ஒரு பெண் செய்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம். ஆபத்து தீர்ந்ததா? தீரவில்லை. ஏனென்றால் திருடன் கையில் இருக்கிற கத்தி படமல்ல, நாம்தான். "ஊர் சிரிக்கும்" என்கிற ஒரு வார்த்தையைக் காட்டித்தான் அவன் பணம் பறிக்கிறான்.

2016 ஜூனில் சேலம் ஜில்லாவில் ஒரு இளம்பெண்ணின் முகத்தை ஒட்டுப்படம் செய்து பேஸ்புக்கில் போட்டான் ஒருவன். அவள் சந்தா வாங்கியவளல்ல, எதையும் விற்றவளல்ல. பெற்றோர் போலீசில் சொல்லியும் காரியம் இழுத்தடிக்கப்பட்டது. அப்பெண் உயிரை விட்டுவிட்டாள். பிறகு போலீஸ் சூப்பரிண்டெண்டு தாமதத்துக்கு வருத்தம் தெரிவித்தார். வருத்தம் யாருக்கு வேண்டும்? போன உயிர் வருமா? ஆகவே, "அவள் ஏன் போட்டோ போட்டாள், ஏன் வீடியோ எடுத்தாள்" என்கிற புத்திசாலிகள் இதற்கு என்ன சமாதானம் சொல்லுவார்கள்?

அப்படிக் கேட்கிறவர்களுக்கு ஒரு கேள்வி. செட்டிகுளம் பக்கத்தில் விதை வெங்காயத்தைப் பட்டறை போட்டு வைக்கிறோம். விலை ஏறிய காலத்தில் பட்டறையைப் பிரித்துத் திருடிக்கொண்டு போகிறதுண்டு. அப்பொழுது விவசாயியைப் பார்த்து, "நீ ஏன் வெங்காயம் பயிரிட்டாய், உனக்கு மானமில்லையா" என்று எவனாவது கேட்டானா? வெங்காயம் திருடினால் திருடனுக்கு அவமானம். பெண்ணின் படத்தைத் திருடினால் பெண்ணுக்கு அவமானம்! இதற்குப் பெயர் கற்பாம். கற்பு என்பதைப் பெண்ணுக்கு மாத்திரம் வைத்து ஆணுக்கு வைக்காமல் விட்டதைப் பெரியார் கண்டித்து நூறு வருஷம் ஆகப்போகிறது. தோழர்களே, நம்மிலும் எத்தனை பேர் வாட்ஸப்பில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு, "ஐயோ பாவம்" என்று சொல்லிக்கொண்டே அடுத்தவனுக்குத் தள்ளிவிட்டோம்? அனுப்பினவனுக்கும் திருட்டில் பங்கு உண்டு.

சர்க்காரும் இந்த வியாதிக்கு விலக்கல்ல. 2019ல் பொள்ளாச்சி விவகாரத்தில் துணிந்து புகார் கொடுத்த பெண்ணின் பெயரைப் போலீஸ் அதிகாரியும் சர்க்கார் உத்திரவும் வெளியிட்டுவிட்டன. ஹைகோர்ட்டு மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. அவ்வளவுக்குப் பிறகும் பெண்கள் வந்து சாட்சி சொன்னார்கள். சாட்சிகளில் ஒருவரும் பிறழவில்லையென்று சர்க்கார் வக்கீல் சொன்னார். 2025 மே 13ந் தேதி கோவை மகளிர் கோர்ட்டு ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஜெயில் என்று தீர்ப்பளித்தது. வீடியோவைக் காட்டி மிரட்டின வீரர்கள் கதி அதுவாயிற்று.

அதே வருஷம் ஜூலையில் சென்னை ஹைகோர்ட்டுக்கு ஒரு பெண் வக்கீல் வந்தார். முன்பு பழகியவன் எடுத்த படங்கள் பல இடங்களில் பரவிவிட்டன. 48 மணி நேரத்துக்குள் எடுக்கும்படி நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்திரவிட்டார். எடுத்த பிறகும் வேறு இடங்களில் முளைத்தன. ஆண் போலீஸ்காரர்கள் நடுவே அந்தப் பெண்ணை வைத்துக்கொண்டு வீடியோவைப் பார்த்ததையும் அவர் கண்டித்தார். சட்டம் படித்த பெண்ணுக்கே இக்கதியென்றால் செந்துறைப் பக்கத்துப் பெண்ணுக்கு என்ன ஆகும்?

சட்டத்தில் ஒரு நல்ல வரி இருக்கிறது. அது நமக்குத் தெரிவதில்லை. இப்போது அமுலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 77வது பிரிவு, அந்தரங்கப் படம் எடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், பரப்பச் சம்மதிக்காவிட்டால் பரப்பினவன் குற்றவாளியே என்கிறது. எடுக்கச் சம்மதம் வேறு, பரப்பச் சம்மதம் வேறு. ஆனால் ஐடி சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளின்படி ஆபாசப் படத்தை வெளியிடுவதே குற்றம்; விற்ற பெண்ணையும் அது இழுக்கும். இதைத் தெரிந்துகொண்டுதான் மிரட்டுகிறவன் மிரட்டுகிறான். அவளுக்குப் புகார் கொடுக்கவும் பயம். திருடனுக்கு இதைவிட நல்ல காவல் உண்டா? அப்பிரிவுகளைத் திருத்த வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அதுவரை அப்படிப்பட்டவர்கள் முதலில் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டுப் போவது நலம்.

இனி அந்தச் சீட்டுக்காரர். பயந்தவர் சும்மா இருப்பாரா? நேற்றுக் காலை நம்மைத் தேடி வந்தார். இரண்டு தரம் பணம் அனுப்பியாயிற்று. அவன் மூன்றாவது தரமும் கேட்கிறான். இடையில் ஒரு மாந்திரீகன் எலுமிச்சம்பழம் அறுத்து 3,000 ரூபாய் வாங்கிக்கொண்டான். "அழித்துவிட்டானா அம்மா?" என்று கூடவந்த மகளைக் கேட்டோம். "இல்லீங்க ஐயா, நான்தான் எதையும் அழிக்கலை" என்று சொல்லி அந்தப் பெண் போனைத் திறந்தாள். அவன் அனுப்பின மிரட்டல் ஒவ்வொன்றையும் தேதியோடு படம் பிடித்து வைத்திருந்தாள். பணம் போன கணக்கு நம்பரும் இருந்தது. ஸ்ரீபுரந்தான் போட்டோ நமக்கு ஞாபகம் வந்தது.

மூவருமாக உட்கார்ந்து 1930க்குப் போன் செய்து பணம் போனதைப் பதிவு செய்தோம். சைபர் குற்ற இணையதளத்திலும் புகார் எழுதினோம். 2021ல் வந்த ஸ்டாப் என்சிஐஐ என்ற ஏற்பாட்டில், படத்தை வெளியே அனுப்பாமல் அதன் அடையாளக் குறியை மாத்திரம் கொடுத்தால், பேஸ்புக், இன்ஸ்டாகிராம் முதலியவை அதே படம் ஏறாமல் தடுக்க முயலும். 18 வயது ஆனவர்களுக்கு அது உண்டு, அதையும் செய்தோம். பிறகு நேரில் ஒரு ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கிருந்தவர், "இதெல்லாம் எதுக்கும்மா போடுறே?" என்றார். தகப்பனார் தலையைக் குனிந்துகொண்டார். மகள், "தையல் சொல்லிக்கொடுக்கப் போடுறேன் சார். ரசீது கொடுங்க" என்றாள். இரண்டு மணி நேரம் கழித்துச் சி.எஸ்.ஆர். ரசீது கைக்கு வந்தது.

ராத்திரி அந்தப் பெண், ரவிக்கைக்குக் கை வெட்டும் பாடத்தை வழக்கம்போல் போட்டுவிட்டதாகத் தகப்பனார் போனில் சொன்னார்.