வாளில் படிந்த குருதி

ஸ்காட்லாந்து நாட்டுக் கதைப்பாடல்களுள் 'எட்வர்டு' என்பது ஒன்று. அதன் புகழ்பெற்ற வடிவம் தாமஸ் பெர்சி என்பார் 1765-இல் வெளியிட்ட தொகுப்பில் உள்ளது. ஏழே செய்யுட்கள். கதை கூறுவோன் என எவனும் இடையில் வருவதில்லை. தாய் வினவுகிறாள், மகன் விடையிறுக்கிறான், அவ்வளவே.

மகன் குருதி தோய்ந்த வாளுடன் நிற்கிறான். தாய் காரணம் கேட்கிறாள். தன் வேட்டை வல்லூற்றைக் கொன்றுவிட்டதாகக் கூறுகிறான். பறவையின் குருதி இவ்வளவு சிவப்பாக இராதே என்கிறாள். குதிரையைக் கொன்றேன் என்று மாற்றுகிறான். அது கிழக்குதிரை, வேறு குதிரைகளும் உண்டு, அதற்கா இத்துயர் என்று தாய் விடுவதில்லை. பிறகே உண்மை வருகிறது: அவன் கொன்றது தன் தந்தையை.

இனி என்ன செய்வாய் என்று அவள் கேட்கிறாள். கடல் கடந்து போய்விடுவானாம். கோட்டை இடிந்து விழும்வரை நிற்கட்டும். மனைவியும் மக்களும் உலகில் இரந்துண்ணட்டும். தனக்கு என்ன விட்டுச் செல்கிறாய் என்று இறுதியாகத் தாய் கேட்கிறாள். சாபம் என்கிறான், அச்செயலுக்கு யோசனை கூறியவளே அவள்தான்! இதைக் கேட்டபின் நாம் முதல் வினாவுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. கவலையால் கேட்டாளா, காரியம் முடிந்ததா என்றறியக் கேட்டாளா? பாடல் சொல்வதில்லை. ஏன் அந்த யோசனை என்பதையும் சொல்வதில்லை.

இத்துணைக் கச்சிதமான அமைப்பில் கற்றறிந்த புலவர் ஒருவரின் கை பட்டிருக்கலாம் என ஆராய்ச்சியாளர் சிலர் ஐயுற்றனர். அந்த ஐயம் நியாயமானதே. வாய்மொழியாகப் பாடப்பட்டு, மதர்வெல் 1827-இல் அச்சிட்ட வடிவத்தில் கொலையுண்டவன் தந்தையல்லன், உடன்பிறந்தான். பூசலுக்குக் காரணம், மரமாக வளரவே போகாத ஒரு வில்லோக் குச்சியை வெட்டியது!

ஸ்காட்லாந்திலிருந்தும் அண்டை நாடுகளிலிருந்தும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மக்கள் இப்பாடலையும் உடன் கொண்டுசென்றனர். செசில் ஷார்ப் 1916 முதல் 1918 வரை அப்பலாச்சிய மலைநாட்டில் பாடல்களைத் திரட்டியபோது இதையும் கேட்டார். அங்குப் பெரும்பாலும் கோட்டை இல்லை, தாய்க்குச் சாபமும் இல்லை. சிறு புதரை வெட்டியதால் எழுந்த சண்டை மட்டும் மறையவில்லை. பிறந்த ஊரைவிட்டு வெளியூரில் வாழும் நாம் இதைச் சற்றுக் கூர்ந்து நோக்கலாம்: பெயர்ந்து சென்றோர் எதை மறந்தனர், எதை மறக்கவில்லை என்று.

பெர்சியின் வடிவம் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. எனினும் இரண்டில் மெய்யானது புதர்ச்சண்டையே என்பது நம் கருத்து. வரப்போரத்து மரத்துக்காக உடன்பிறந்தார் வழக்காடக் கண்டவர்க்கு இதற்கு உரை வேண்டா.

எப்போது திரும்புவாய் என்று அங்கும் தாய் கேட்கிறாள். ஒருகாலும் நிகழாத ஒன்றைச் சொல்லி, அது நிகழும் நாளில் வருவேன் என்கிறான். பிறகு அவள் ஒன்றும் கேட்பதில்லை.