கடல்ல எடுத்த வீடியோ கரைக்கு முழுசா வரணும்

(ராமேசுவரம் மீனவர் அணி கலந்துரையாடலில் பேசியதன் எழுத்து வடிவம். படிச்சுட்டு உங்க படகுக் குழுவுக்கும் அனுப்புங்க.)



இன்னைக்குப் போனைப் பத்திப் பேசப் போறோம்னு சொன்னதும் பின்வரிசைல ரெண்டு தம்பிங்க சிரிச்சாங்க. சிரிங்க தம்பி, தப்பில்ல. ஆனா மண்டபத்துல இருந்து தனுஷ்கோடி வரைக்கும் கடலுக்குப் போற நம்ம ஆளுங்களுக்குப் பல நேரம் சாட்சின்னு இருக்கிறது அந்தப் போன் ஒண்ணுதான்.

டோக்கன் வாங்கிக்கிட்டு விசைப்படகு கிளம்புது. கொஞ்ச தூரம் தாண்டினா டவர் கிடையாது. நடுக்கடல்ல வலையை அறுக்குறான், ஆளை மறிக்கிறான்னு வைங்க. ஒருத்தர் வீடியோ எடுத்துடுறார். அது அந்த ஒரு போன்ல மட்டும் இருந்தா? போன் தண்ணில விழுந்தாலும் போச்சு, பறிச்சாலும் போச்சு. படகுல இருக்கிற இன்னொரு போனுக்கு அங்கேயே, இன்டர்நெட் இல்லாமலே அதை மாத்தணும். எந்த ஆப் வெச்சிருக்கோம்ங்கிற கேள்வி அங்கதான் வருது.

நம்மில் பலர் பழகினது ஷேர்இட், ஜென்டர். இந்த ரெண்டையும் சேர்த்து 59 ஆப்களை ஒன்றிய அரசு 2020 ஜூன் 29 அன்னைக்குத் தடை செஞ்சது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவுல போட்ட தடை. ஆவணத்தை ஸ்கேன் பண்ண வெச்சிருந்த கேம்ஸ்கேனரும் அந்தப் பட்டியல்லதான் இருந்துச்சு. தடை போட்டது ஒரு பக்கம்; அதுக்குப் பதிலா என்ன பயன்படுத்தணும்னு குப்பத்துல வந்து சொன்னவங்க யாரு? அதனால என்ன ஆச்சு, பழைய ஆப்போட ஏபிகே ஃபைல் வாட்ஸ்அப்ல கைமாறி கைமாறி வருது. அதை யார் திறந்தாங்க, உள்ள எதைச் சேர்த்தாங்கன்னு அனுப்புற ஆளுக்கே தெரியாது. ஷேர்இட்டோட ஆண்ட்ராய்டு ஆப்புலயே ஓட்டை இருக்கு, அது வழியா போன்ல இருக்கிற தகவலைத் திருட முடியும்னு 2021 பிப்ரவரில ட்ரெண்ட் மைக்ரோங்கிற பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. ஒரிஜினலுக்கே அந்த நிலைமைன்னா வாட்ஸ்அப்ல வர்ற நகலை என்னன்னு சொல்றது?

சரி, வேற என்ன இருக்கு?

பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்ல ‘குயிக் ஷேர்’ ஏற்கெனவே உள்ளேயே இருக்கு. முன்னாடி ‘நியர்பை ஷேர்’னு பேரு. 2024 ஜனவரில கூகுளும் சாம்சங்கும் தங்களோடதை ஒண்ணாச் சேர்த்து இந்தப் பேரை வெச்சாங்க. டவுன்லோடு வேண்டாம், காசு வேண்டாம், நெட் வேண்டாம். ப்ளூடூத்தும் வைஃபையும் ஆன்ல இருந்தா போதும். அப்ப வெறும் ப்ளூடூத்ல அனுப்பினா என்னன்னு கேப்பீங்க. அனுப்பலாம். ஆனா நூறு எம்பி வீடியோவுக்கு ஆறேழு நிமிஷம் ஆகும். அலையில ஆடுற படகுல அவ்வளவு நேரம் யாரு நிப்பா? குயிக் ஷேர் வைஃபை வழியா அனுப்புறதால கொஞ்ச நேரத்துல முடிஞ்சிடும்.

பெண்கள் இதைக் கவனிச்சுக் கேக்கணும். அதோட செட்டிங்ஸ்ல ‘எல்லோரும்’னு ஒரு தேர்வு இருக்கும். அதை எப்பவும் திறந்து வெக்காதீங்க. பஸ்ஸுல, கோயில் கூட்டத்துல பக்கத்துல நிக்கிற யாரோ ஒருத்தன் உங்க போனுக்குக் கண்டதை அனுப்பப் பார்ப்பான். ‘தொடர்புகள்’ மட்டும்னு வைங்க. தெரியாத ஆள்கிட்ட வாங்கணும்னா ‘பத்து நிமிஷம்’னு ஒரு தேர்வு இருக்கு, அதுவே போதும்.

வளைகுடால இருந்து வந்த மச்சான் ஐபோன் வெச்சிருக்கார், உங்ககிட்ட ஆண்ட்ராய்டு. அங்க ‘லோக்கல்சென்ட்’ உதவும். இலவசம், விளம்பரம் இல்ல, மூல நிரலை யார் வேணா பார்க்கலாம். ரெண்டு போனும் ஒரே வைஃபைல இருக்கணும், அவ்வளவுதான். ஒருத்தர் ஹாட்ஸ்பாட் போட்டா இன்னொருத்தர் அதுல சேர்ந்துக்கலாம். ஆனா இது ரெண்டு போன்லயும் முன்கூட்டியே இருக்கணும். கடலுக்குப் போனப்புறம் டவுன்லோடு பண்ண முடியாது, கரையிலேயே போட்டு வெச்சிடுங்க. ப்ளே ஸ்டோர், ஆப் ஸ்டோர் தவிர வேற எங்கேயும் எடுக்காதீங்க.

லொகேஷன் கேக்குதேன்னு சிலர் பயப்படுறாங்க. பழைய ஆண்ட்ராய்டுல பக்கத்துல இருக்கிற போனைத் தேடவே அந்த அனுமதி தேவைப்படும், அதுல சந்தேகப்பட ஒண்ணுமில்ல. ஃபைல் அனுப்புற ஆப் உங்க எஸ்எம்எஸ்ஸைப் படிக்கணும்னு கேட்டா மட்டும் அந்த நிமிஷமே அழிச்சிடுங்க. பேங்க் ஓடிபி வர்றது அங்கதான்.

இப்ப முக்கியமான விஷயம். கரைக்கு வந்ததும் நாம என்ன செய்யிறோம்? வீடியோவை அப்படியே வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடுறோம். வாட்ஸ்அப் அதைச் சுருக்கிடும். படகு நம்பர் மங்கிடும், எடுத்த தேதி நேரமும் ஃபைல்ல இருந்து போயிடும். ஊருக்குச் சேதி சொல்ல அது போதும், வழக்குக்குப் போதாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில இருக்கிற பாரதிய சாக்ஷ்ய அதிநியம் 63-ஆவது பிரிவு, மின்னணுச் சாட்சியத்தோட ஒரு சான்றிதழும் கேக்குது. அதுல ஃபைலோட ‘ஹாஷ்’ மதிப்பைக் குறிக்கணும். ஹாஷ்ங்கிறது ஃபைலோட கைரேகை மாதிரி. சுருக்கினா, வெட்டினா, மேல பாட்டுப் போட்டா கைரேகை மாறிடும்.

அதனால வக்கீலுக்கோ மீன்வளத்துறைக்கோ கொடுக்கிறப்போ வாட்ஸ்அப்ல ‘டாக்குமென்ட்’னு தேர்ந்தெடுத்து அனுப்புங்க, சுருங்காது. குயிக் ஷேர், லோக்கல்சென்ட் வழியா போனாலும் ஃபைல் மாறாது. எடுத்த போன்ல இருக்கிற ஒரிஜினலை மட்டும் அழிச்சிடாதீங்க. இடம் இல்லன்னா சினிமாவை அழிங்கய்யா, அதை விட்டு வைங்க.

ஏமாத்து ஏபிகே போட்டு பணம் போயிருந்தா தாமதிக்காம 1930-க்கு போன் பண்ணுங்க.

போன் கொண்டு வந்தவங்க யாரும் கிளம்ப வேண்டாம். டீ வருது. பந்தலுக்குப் பின்னாடி நம்ம தம்பிங்க நாலு பேர் உக்காந்திருக்காங்க. பழைய ஏபிகே இருந்தா எடுத்துட்டு, குயிக் ஷேரை ‘தொடர்புகள்’ல வெச்சுக் கொடுப்பாங்க. பாஸ்வேர்டை மட்டும் நீங்களே போடுங்க, அவங்ககிட்டயும் சொல்லாதீங்க.