பழஞ்சுவடியும் பகுதிநேரக் கையும்

(சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அரசின் ஆவணத்தைப் பகுதிநேரமாகக் காக்கின்ற வேலை இந்நாட்டிற்குப் புதியதன்று. தமிழக அரசு 1980-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஊர்க் கணக்கர், மணியக்காரர் பதவிகளை ஒரே ஆணையால் ஒழித்தது. 1981-இல் அது முறையான சட்டமாயிற்று. 1982-இல் உச்ச நயன்மன்றம் அச்சட்டம் செல்லும் என்றது. அதன் பெயரைச் சற்றே ஊன்றிப் பாருங்கள்: 'பகுதிநேர ஊர் அலுவலர் பதவி ஒழிப்புச் சட்டம்'! ஊரின் நஞ்சையும் புஞ்சையும் நத்தமும் புறம்போக்கும் எவருடைய ஏட்டில் அடங்கிக் கிடந்தனவோ, அவர் அரசின் கண்ணுக்குப் பகுதிநேர ஆள்.

அக்கணக்கரைப் புகழ்வதற்காக இதனைச் சொல்லவில்லை. வழிவழியாக ஒரே வீட்டில் பதவியை வைத்துக்கொண்டு ஊரையே ஆட்டிப் படைத்தவர் அவருட் பலர். எழுதுகோலின் ஓர் இழுப்பில் ஏழையின் வரப்பை விழுங்கியவரும் உண்டு. அப்பதவி ஒழிந்தமைக்கு அழவேண்டுவதில்லை. ஆயினும் ஒன்றை மறுத்தல் ஒண்ணாது. தாம் காத்த ஏட்டைத் தாமே படிக்கத் தெரிந்தவர் அவர். தந்தையின் கையெழுத்தும், பாட்டனின் குறுக்கெழுத்தும், எந்தக் குறி எந்த நிலத்தைக் குறிக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பதவி ஒழிந்தபோது ஏட்டுக் கட்டுகள் அரசிடம் சென்றன; அவற்றைப் படிக்கும் அறிவு வீட்டுத் திண்ணையிலேயே தங்கிவிட்டது.

திண்டுக்கல் வட்டாரத்திற்கு இது பெரிதும் பொருந்தும். 1755-இல் ஐதர் அலி இங்கே ஆளுகைப் பொறுப்பில் வந்து அமர்ந்தார். 1790-இல் ஆங்கிலக் கும்பணிப் படை மலைக்கோட்டையைப் பிடித்தது. 1792-ஆம் ஆண்டுச் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் இந்நிலம் கும்பணிக்கு உறுதியாயிற்று. மதுரைக்கு முன்னரே ஆங்கில ஆட்சியர் அமர்ந்து வரி தண்டிய இடம் இது. பின்னர் ஆட்சியர் இருக்கை மதுரைக்குப் பெயர்ந்தது. 1985 செப்டம்பர் 15-ஆம் நாள் தனி மாவட்டம் அமைந்த பிறகே திண்டுக்கல் மீண்டும் தலைநகராயிற்று. ஆகவே, வேடசந்தூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றன் பழந்தாளைத் தேடுபவர் இங்குள்ள பதிவறையிலும் தேடவேண்டும், மதுரையிலும் தேடவேண்டும், 1909-இல் எழும்பூரில் எழுந்த ஆவணக் காப்பகக் கட்டடத்திலும் தேடவேண்டும். ஓரிடத்தில் அட்டவணை பிழையாயின் மற்றை ஈரிடத்துத் தேடலும் வீண்.

இனி, அப்பதிவறை ஒன்றில் நாட்கூலிக்கோ தொகுப்பூதியத்துக்கோ அரைநாள் உதவியாளராக அமரும் இளைஞர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். பட்டம் பெற்றவர், நல்லவர், கணினி கைவந்தவர். தூசியும் செல்லும் மண்டிய கட்டு ஒன்று அவர்முன் வைக்கப்படுகிறது. பிரித்து, பெயரெழுதி, மின்வருடியில் இட்டு, அட்டவணையில் ஏற்றவேண்டும்.

முதற்கண், கோப்பின் முடிவு வகையை அவர் அறியவேண்டும். ஓராண்டு காப்பது, மூன்றாண்டு காப்பது, பத்தாண்டு காப்பது, நிலையாகக் காப்பது எனக் கோப்புகள் பிரிக்கப்படுகின்றன. மேலட்டையில் உள்ள ஓரிரு எழுத்தே கோப்பின் வாழ்நாளை வரையறுப்பது. அவ்வெழுத்து மங்கியிருக்க, நிலையான கோப்பை மூன்றாண்டுக் கட்டில் செருகிவிட்டால், அது அழிக்கும் நாளில் குப்பையோடு போய்விடும். கேட்பாரும் இரார், ஏனெனில் அப்படி ஒரு கோப்பு இருந்ததையே எவரும் அறியார்.

அடுத்தது எண். பழங்கணக்கில் '௧' என்று இருப்பது ககரமா, ஒன்றா? '௨' என்பது உகரமா, இரண்டா? '௭' எகரமா, ஏழா? '௮' அகரமா, எட்டா? இவற்றோடு கீழ்வாய்ச் சிற்றெண்கள் வேறு. மா என்பது 1/20. காணி என்பது 1/80. முந்திரி என்பது 1/320. அதனினும் நுணுகிக் கீழ்முந்திரி வரையிற் கணக்கிட்ட இனம் இது. இன்று தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கும் அக்குறிகள் வெறுங் கிறுக்கல்! 2019-இல் ஒருங்குறி 51 தமிழ்க் குறிகளைச் சேர்த்துக்கொண்டது. அவற்றுள் இச்சிற்றெண் குறிகளும் அடங்கும். கணிப்பொறிக்கு வந்து சேர்ந்தவை பள்ளிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

ஆண்டினும் ஓர் இடர்ப்பாடு. கட்டின் மேல் 1290 என்று இருக்கிறது. உதவியாளர் அதனை ஆங்கில ஆண்டாகக் கொண்டு பதிந்தால், குலசேகர பாண்டியன் நாட்டு வருவாய்க் கணக்கு ஒன்று தாளில் எழுதிக் கிடைத்துவிட்டதாக ஆராய்ச்சியாளர் துள்ளுவர். அது பசலி ஆண்டு. 590 கூட்டினால் 1880 சூலையில் தொடங்கும் ஆண்டு வரும்.

பசலி என்றதும் அவையில் சிலர் முகம் சுளிப்பது இயல்பே. அரபி, பாரசீகச் சொற்கள் நம் வருவாய்த் துறையில் ஏறி அமர்ந்த வரலாறு நெடிது. ஜமாபந்தி, மிராசு, இனாம், கிஸ்தி, வசூல், தாசில்தார் எனப் பழந்தாளில் பக்கந்தோறும் அவை நிற்கும். அவற்றிடையே 'அடங்கல்' என்னும் தூய தமிழ்ச்சொல் எப்படியோ அசையாமல் நின்றுவிட்டது. இப்பிறசொற்களை இன்றைய ஆட்சியினின்று நீக்கவேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. 1956-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திற்குப் பின் பெருமளவு நீக்கியுமிருக்கிறோம். தாசில்தார் வட்டாட்சியரானார், ஜில்லா மாவட்டமாயிற்று.

ஆனால், பழைய ஆவணத்தில் உள்ள சொல்லைத் திருத்துவதற்கு எவர்க்கும் உரிமை இல்லை. தமிழ்ப்பற்று மீதூர்ந்த உதவியாளர் ஒருவர் அட்டவணையிலிருந்து அச்சொற்களை நீக்கிவிட்டுத் தமிழ்ச்சொல்லை மட்டும் எழுதினால் நேர்வது யாது? குடகனாற்று நீரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்நீர்ப் பங்கு பற்றி மேல்மடையார்க்கும் கீழ்மடையார்க்கும் வழக்கு இருந்து வருகிறது. இத்தகைய வழக்குகளில் எந்த மதகு எந்நாளில் திறக்கப்பட்டது, எக்குளத்துக்கு எத்துணைப் பங்கு என்று காட்டும் பழைய ஏடுகளுக்கு 'மாமூல் நாமா' என்று பெயர். மாமூல் என்பதற்கு வழக்கமாக நடந்துவருவது என்பதே அங்குப் பொருள். இன்றோ அச்சொல் கையூட்டைக் குறிக்கிறது. பொருளறியா உதவியாளர் அதனை ஏதோ கையூட்டு வழக்கின் கோப்பென்று ஒதுக்கிவிடலாம். பொருளறிந்த பற்றாளரோ 'வழக்காற்று ஏடு' என்று மட்டும் பெயர்த்தெழுதி, 'மாமூல் நாமா' எனக் கேட்டு வரும் உழவரை வெறுங்கையோடு திருப்பிவிடலாம். முன்னவர் அறியாமையாற் கெடுத்தார். பின்னவர் அன்பாற் கெடுத்தார். நீர் இழந்தவர்க்கு இரண்டும் ஒன்றே.

ஆகவே அட்டவணைக்கு மூன்று பத்தி வேண்டும். முதற்பத்தியில் ஆவணத்தில் உள்ள சொல், அதன் பிழையோடும் பிறமொழி எழுத்தோடும் உள்ளவாறே. இரண்டாவதில் நேரான தமிழ்ச்சொல். மூன்றாவதில் பொருளும் ஆண்டும். நம் தமிழ்ப்பணிக்கு உரிய இடம் அந்த இரண்டாம் பத்தி.

மூலத்தைத் தொடாமற் காப்பது தமிழர்க்கு அயலான முறையன்று. சோழர் கல்வெட்டுகளில் ஊர்தோறும் ஆவணம் பதியும் இடத்துக்கு ஆவணக்களரி என்றே பெயர். புரவுவரித் திணைக்களத்தில் வரிப்பொத்தகம், முகவெட்டி எனத் தனித்தனிப் பணியாளர் இருந்தனர். (திணைக்களம் என்னும் அச்சொல்லை நாம் இழந்தோம், ஈழத்தார் அரசுத்துறைக்கெல்லாம் இன்றும் அதனையே வழங்குகின்றனர்.) திருவெண்ணெய்நல்லூர் வழக்கைச் சேக்கிழார் காட்டும் இடத்தில், அவையோர் ஓலையை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லவில்லை. காப்பில் இருந்த வேறோர் ஓலையை வருவித்து, எழுத்தோடு எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே முடிவு கூறினர். காப்பறை ஏட்டில் எவரேனும் ஓரெழுத்தைத் 'திருத்தி' இருந்தால் அவ்வழக்கு என்னவாகியிருக்கும்!

அரைநாள் ஆளை முழுநாள் ஆளாக்குவது அரசின் கையில் உள்ளது. அதனைக் கேட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அதுவரை, இங்குள்ள தமிழாசிரியர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. பதிவறைகளில் அமரும் இளைஞர்க்கு விடுமுறையில் பத்து நாள் ஒதுக்கித் தமிழெண்ணும் சிற்றெண்ணும், பசலிக் கணக்கும், புள்ளியில்லாப் பழங்கையெழுத்தும் கற்பிக்கலாம். கற்பிப்போர் முதலிற் கற்கவேண்டுமே எனின், அதற்கும் வழியுண்டு. 1980-இல் முப்பது அகவையில் பதவி இழந்த கணக்கர் இன்று எழுபத்தைந்தைக் கடந்தவர். ஆத்தூரிலோ நத்தத்திலோ நிலக்கோட்டையிலோ அத்தகையோர் எவரேனும் இருப்பின், இந்தக் கோடைக்குள் அவர் திண்ணைக்குப் போங்கள். ஒரு குறிப்பேடும், பழங்கணக்கின் படி ஒன்றும் கையிலிருக்கட்டும். அவர் படிக்கப் படிக்க எழுதிக்கொள்ளுங்கள்.