கதிரையை விட்டு எழுந்து வாருங்கள்

மாம்புரியின் பெரியவர்களே, தாய்மாரே, கடலையும் தோட்டத்தையும் நம்பி வாழும் சகோதரர்களே,

மாரடைப்பு வந்து, கொழும்பு வரை போய், உயிரோடு திரும்புகிற மனிதரை நாம் எப்படி வரவேற்கிறோம்? முற்றத்தில் ஒரு சாய்மனைக் கதிரை போடுகிறோம். "வாப்பா, நீங்க ஒண்டும் செய்ய வேணாம், இரிங்க" என்கிறோம். அவர் வாளியைத் தொட்டால் மகன் பறிக்கிறான். கடைக்குக் கிளம்பினால் பேரன் பின்னாலேயே ஓடுகிறான். மனைவி இரவெல்லாம் விழித்திருந்து மூச்சைக் கவனிக்கிறார். எல்லாம் பாசம்தான். அந்தப் பாசத்திலேயே, கரைவலை இழுத்த மனிதர் சில மாதங்களில் கிணற்றடிக்குப் போகவும் துணை தேடுகிறார். மாரடைப்பு கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவரை மனச்சோர்வும் பிடித்துக்கொள்கிறது. நாமோ அதை "முன்னைப்போல பேச்சு இல்லை" என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

ஒரு காலத்தில் வைத்தியர்களும் இதைத்தான் செய்தார்கள். ஆறு கிழமை கட்டிலில் கிடத்தினார்கள். 1952இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவைன், பெர்னார்ட் லவுன் என்ற இருவர் நோயாளியைக் கட்டிலிலிருந்து தூக்கிக் கதிரையில் இருத்தினார்கள். அன்றைக்கு அதுவே பெரிய துணிச்சல். உலகம் அங்கிருந்து வெகுதூரம் நடந்துவிட்டது; நாம் இன்னும் அந்தக் கதிரையிலேயே இருக்கிறோம்.

1966இல் டல்லஸ் நகரில் நல்ல சுகதேகிகளான ஐந்து இளைஞர்களை மூன்று கிழமை படுக்கையில் வைத்துப் பார்த்தார்கள். முப்பது வருடம் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தார்கள். முப்பது வருட வயது அவர்களின் உடல் வலுவைக் குறைத்ததைவிட, அந்த மூன்று கிழமைப் படுக்கை கூடுதலாகக் குறைத்திருந்தது! நோயே இல்லாத இளைஞர்களுக்கே இந்த நிலை என்றால், நம் வாப்பாவுக்கு?

இருதயத்தில் செத்துப்போன தசை தழும்பாகிவிடும், அது திரும்பி வராது. ஆனால் நடக்க நடக்கக் கால் தசைகள் இரத்தத்திலிருந்து பிராணவாயுவைக் கூடுதலாக எடுக்கப் பழகுகின்றன. அதே தூரத்துக்கு இருதயம் குறைவாகவே உழைத்தால் போதும். மருந்து தருவது ஒரு பாதுகாப்பு, நடை தருவது இன்னொன்று. ஒன்றுக்காக மற்றதை விடவே கூடாது.

இந்தியாவில் 24 வைத்தியசாலைகளில், மாரடைப்பு கண்ட 3,959 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவு 2020இல் வெளிவந்தது. பாதிப் பேருக்குப் பன்னிரண்டு கிழமை யோகா சார்ந்த பயிற்சி. அது இறப்பைக் குறைத்தது என்று உறுதியாகக் காட்ட முடியவில்லை. ஆனால் பயிற்சி பெற்றவர்கள் தங்கள் பழைய வேலைகளுக்குக் கூடுதலாகத் திரும்பினார்கள். என் மனதைத் தொட்டது அதுதான். பெரிய இயந்திரம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

எப்படி நடப்பது? முதலில் கிளினிக்கில் வைத்தியரிடம் கேளுங்கள். பிறகு வீட்டு முற்றத்தில் ஐந்து நிமிடம், கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டி அரை மணி வரை. சில மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைத்தே வைத்திருக்கும், அதனால் நாடியை மட்டும் நம்ப வேண்டாம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. கடற்கரை மணலில் தொடங்காதீர்கள், மணல் றோட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைப்பை வாங்கும். 2010 முதல் நம் காற்றாலைகளைச் சுழற்றும் அதே சோளகக் காற்று நடப்பவரையும் பின்னால் தள்ளும். ஆகவே உடம்பு தெம்பாக இருக்கும்போது காற்றுக்கு எதிரே போய், களைக்கும்போது காற்றோடு திரும்புங்கள். பைபாஸ் செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு ஒட்ட இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை வலை இழுக்க வேண்டாம், கிணற்று வாளி தூக்க வேண்டாம். நெஞ்சு நொந்தாலோ, தலை சுற்றினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே இருந்துவிடுங்கள், 1990ஐ அழையுங்கள். கருவாட்டைக் குறையுங்கள், சிகரெட்டை அடியோடு விடுங்கள்.

தாய்மாரே, அவர் நடக்கும்போது கூடவே போங்கள், ஆனால் கையைப் பிடிக்காதீர்கள்.

ஊரிடம் நான் கேட்பது ஒன்றுதான். இருதய நோயாளி ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்க்க வைத்தியர்கள் முப்பது மீற்றர் சமதரையைப் பயன்படுத்துகிறார்கள். அவ்வளவு நீளத்துக்குத் தென்னை நிழலில் ஓர் இறுகிய பாதை, இரண்டு முனையிலும் வாங்கு, ஒரு குடிதண்ணீர்ப் பானை. இடம் தரக்கூடியவர்கள் கூட்டம் கலைவதற்கு முன்னால் மேடைக்கு வந்து பெயர் கொடுங்கள்.